பட்டினி நாளில் பூசிய உடம்பு

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. எட்டாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்தும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு லீவு கேட்டு நாலு வரியும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்க இன்றைக்கும் எனக்கு வராது. அப்படிப்பட்டவள் பெண்களின் உடம்பு சமாச்சாரத்தை எழுத உட்கார்ந்ததே தப்பு என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றினால் மன்னித்துக்கொண்டு இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. பெயர்களையும் எழுதவில்லை. இதில் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மீதிப் பேர் என் வாசல் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறார்கள்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பக்கம். ஊரில் பெரும்பங்கு நிலம் ஒரே பண்ணையுடையது. கரை வேட்டிக் கட்சிகள் மாறி மாறி ஆண்டன. நில உச்சவரம்புச் சட்டம் என்றார்கள். பண்ணையாரின் காளைமாடுகள் பேரில்கூடப் பட்டா இருக்கிறது என்று எங்கள் தெருவில் சொல்லிச் சிரிப்போம். எங்கள் தெருவில் எல்லாரும் அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எல்லாரும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர்தான் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளர். அவருக்கு நல்ல குரல். மைக் இல்லாமலே அடுத்த தெருவரை கேட்கும்.

நான் நடவுக்குப் போவேன். அதோடு தினமும் விடிந்ததும் பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிப் போட வேண்டும். கொட்டகை வீட்டுக்குப் பின்னால், வாய்க்கால் ஓரமாக இருந்தது. வீட்டுக்குள் நாங்கள் போனதில்லை, போகவும் கூடாது. சாணி அள்ளி முடித்துப் பின்பக்கமாகவே வந்துவிடுவேன்.

எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். இரண்டாவது பிறந்தபோது ரத்தம் நிற்கவில்லை. மாட்டுவண்டியில் ரோட்டுக்கும், அங்கிருந்து எப்படியோ தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். எனக்கு அதில் பாதி நினைவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டாக்டரம்மா என்னிடமும் அத்தையிடமும் பேசினார். அத்தை என்றால் என் மாமியார். உடம்பில் ரத்தமே இல்லை, இன்னும் சில வருடத்துக்குக் குழந்தை கூடாது, இதே மாதிரி ஆனால் அடுத்த தடவை எங்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம் என்றார். அத்தை தலையை ஆட்டினார். ஊருக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம், சாமி புண்ணியத்தில் பிழைத்தாள் என்று மட்டும் சொன்னார். நானும் சொல்லவில்லை. அவரோடு உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. அவர் ஊரோடு பேசுவார். நான் கேட்பேன்.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு வழியில்லை. அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் ஜீப் வந்து ஆண்களை அதற்காக வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. அப்போது என் வீட்டுக்காரரின் அண்ணனையும் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த பிறகு அவர் நெல் மூட்டை தூக்கவேயில்லை. முடியவில்லையா, மனசு வரவில்லையா, எனக்குத் தெரியாது. அதிலிருந்து எங்கள் வீட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் கூட்டங்களிலேயே பேசுவார். பணக்காரனுக்கு நிலம் பலம், நமக்குத் தலை எண்ணிக்கைதான் பலம், அதைக் குறைக்கத்தான் இந்தச் சிவப்பு முக்கோணத்தைச் சுவர் சுவராக வரைகிறார்கள் என்பார். கைதட்டுவார்கள். நானும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன்.

சின்னவளுக்கு ஊசி போட வந்த நர்ஸம்மாதான் மாத்திரை கொடுத்தார். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தினம் ஒன்று போட்டுக்கொள், ஒரு நாளும் மறக்காதே என்றார். முதலில் குமட்டும், தலை சுற்றும், சிலருக்கு நீர் கோத்து உடம்பு கொஞ்சம் போட்டாற்போல் இருக்கும், பயப்படாதே என்றும் சொன்னார். உடம்பு போடுவதற்கு எங்கள் தெருவில் யார் பயப்படுவார்கள் என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அட்டையை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய யோசனையாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரே அறை. அரிசிப் பானை, உப்புச் சட்டி, துணி போடும் கொடி, அவ்வளவுதான். மூன்றிலும் அத்தையின் கை போகாத நாள் இல்லை. நான் கடைசியில் மாட்டுக்கொட்டகைச் சுவரில் இடம் கண்டுபிடித்தேன். மண் சுவர், மூலையில் எலி தோண்டிய பொந்து. சாணி அள்ளுகிறவளைத் தவிர யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்து, மேலே வரட்டித் துண்டு ஒன்றை அடைத்துவிடுவேன். தினமும் வேலை முடித்துக் கையைக் கழுவி, ஒன்றைப் போட்டு அடிபைப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன்.

முதல் மாதம் குமட்டியது. பிறகு நின்றுவிட்டது. தீட்டும் ஒழுங்காக வந்து, சீக்கிரம் நின்றது. பசி எடுத்தது. அறுவடை முடிந்து கூலி நெல் வீட்டில் இருந்த மாதங்கள் அவை. இரண்டு வேளையும் சோறு இருந்தது. சாப்பிட்டேன். மாசி மாதத்துக்குள் கண்ணாடி வளையல் மணிக்கட்டிலிருந்து நகரவில்லை. ஜாக்கெட்டின் கைத் தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டேன். கன்னத்தில் சதை வந்தது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ போல இருந்தது. சந்தோஷமா என்று கேட்டால் அதுவும் இல்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

அத்தை வேறு மாதிரி நினைத்தார். முழுகாமல் இருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார். குமட்டலை அவர் ஏற்கெனவே கவனித்து வைத்திருக்கிறார். கஞ்சி ஊற்றும்போது அடியில் இருக்கும் சோறெல்லாம் என் தட்டுக்கு வந்தது. ஒரு நாள் எங்கிருந்தோ மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார். அப்படி ஒன்றும் இல்லை அத்தை என்று சொன்னேன். வெளியில் சொன்னால் கண் படும் என்று மறைக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டார். வேலியில் காய்ந்த தீட்டுத் துணியைப் பார்த்த பிறகுதான் நம்பினார்.  அடியில் இருக்கும் சோறு மறுபடியும் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

என் பெரிய மகள் இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளிடம் ஒரு தடவை இதைக் கேட்டேன், யாருக்கோ கேட்பது போல. மாத்திரையால் அவ்வளவெல்லாம் சதை வைக்காது, பெரும்பாலும் நீர்தான், சிலருக்குப் பசி கூடலாம் என்றாள். பிள்ளை பெற்று ரத்தம் போன உடம்புக்கு ஓய்வு கிடைத்தால் அதுவே தேறும் அம்மா, அதைப் போய் மாத்திரை மேல் போடுவார்கள் என்றாள். அப்படியும் இருக்கலாம். எது என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. உடம்பு பூசியது உண்மை.

அந்த வருடம் நடவுக்குத் தண்ணீர் வந்த சமயத்தில் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். கூலி நெல்லைக் கூட்ட வேண்டும், வெளியூர் ஆளைக் கொண்டுவரக் கூடாது, இரண்டுதான் கேட்டோம். சாயங்காலம் சங்கக் கொடிக்கம்பத்தடியில் முடிவு செய்து, நாளையிலிருந்து யாரும் பண்ணை நிலத்திலோ பண்ணை வீட்டிலோ கால் வைக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் அறிவித்தார். கைதட்டல் அடங்கிய பிறகுதான் எனக்கு அட்டை ஞாபகம் வந்தது.

மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் பயம் வந்துவிட்டது. ஒரு நாளும் மறக்காதே என்று நர்ஸம்மா சொன்னது மண்டையிலேயே நின்றது. விடிகிற நேரத்தில் வெளிக்குப் போவது போலச் செம்பை எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாகவே போய்க் கொட்டகையில் நுழைந்தேன். மாடுகள் இரண்டு நாள் சாணியில் நின்றன. பொந்திலிருந்து அட்டைகளை எடுத்து முந்தானையை மடியாகக் கட்டி அதில் போட்டுக்கொண்டேன். திரும்பும்போது அக்கரையில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. யாரென்று பார்க்கவில்லை. பார்த்தால் நின்று பேச வேண்டியிருக்கும்.

மாத்திரையை அதற்குப் பிறகு வீட்டுக் கூரைக் கீற்றில் செருகி வைத்தேன்.

வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போனது. முதலில் நெல் தீர்ந்தது. பிறகு கடன் கொடுக்கிற கடையும் மூடிக்கொண்டது. வயல் நண்டு, நத்தை, கீரை என்று ஓட்டினோம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு வந்திருந்ததால் படிக்கிற பிள்ளைகள் மதியம் சாப்பிட்டார்கள். தெருவில் எல்லார் கண்ணும் உள்ளே போனது. எனக்கு மட்டும் முகம் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் இன்னும் உப்பியது, காலும் வீங்கியது. பசியிலும் வீங்கும் என்று பிறகு சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கும் தெரியாது, பார்த்தவர்களுக்கும் தெரியாது.

வாய்க்கால் படித்துறையில்தான் பேச்சு ஆரம்பித்தது. எங்களோடு சேர்ந்து நடுகிற கும்பலில், நடவுக் கொத்து என்போம், மூத்த பெண் ஒருவர் இருந்தார். நாற்று முடி என்கிற கட்டைக் கையில் வாங்கும்போதே எத்தனை குத்து வரும் என்று சொல்லுவார். வாய் மட்டும் பொல்லாதது. என் முதுகைப் பார்த்துவிட்டு, "என்னாடி, பண்ணை வீட்டு எருமைக்கு வச்ச புண்ணாக்க நீ தின்னுட்டு வந்துட்டியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாளும் அதே கேலி. அதற்கடுத்த நாள் யாரும் சிரிக்கவில்லை. நான் இறங்கினால் மற்றவர்கள் துணியைப் பிழிந்துகொண்டு கரையேறினார்கள்.

இதற்கிடையில் பண்ணையார் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து லாரியில் நடவு ஆட்களைக் கொண்டுவருகிறார் என்று தெரிந்து, எங்கள் ஆண்கள் பெரிய பாலத்தில் மறிக்கக் காத்திருந்தார்கள். லாரி அந்த வழியாக வரவில்லை. தெற்கே சுற்றி வந்து, மதியத்துக்குள் இரண்டு வயல் நட்டுவிட்டுப் போய்விட்டது. யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கப் பேசினார்கள். பாலத்துக்கு முன்னால் ஒரு மதகு உடைந்திருந்ததால்தான் லாரிக்காரர் சுற்றி வந்தார் என்பது ரொம்ப நாளைக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், தெருவில் ஒருத்தி பருத்துக்கொண்டிருக்கிறாள் என்பதுதான்.

அப்போதுதான் நடவில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற அக்கா, தான் பார்த்ததைச் சொன்னார். வேலைநிறுத்தம் ஆரம்பித்த சமயம், விடிகிற நேரத்தில் இவள் பண்ணை வீட்டுப் பின்பக்கத்திலிருந்து மடி கட்டிக்கொண்டு வந்தாள் என்றார். அக்கரையில் நின்றது அவர்தான். அவருக்கு என் மேல் ஒரு கோபமும் கிடையாது. பார்த்ததைச் சொன்னார்.

மடியில் கட்டிக்கொண்டு வருவதென்றால் எங்கள் ஊரில் அரிசிதான். வேறு எதையும் யாரும் நினைக்க மாட்டார்கள்.

மறுநாள் மதியம் கொடிக்கம்பத்தடியில் தெருவைக் கூட்டினார்கள். நாட்டாமைக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அரிசிக்குக் காட்டிக்கொடுத்தாள் என்ற குற்றம் உறுதியானால் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டுக்கு நெருப்புகூடக் கொடுக்க மாட்டார்கள். நடவுக் கொத்தில் சேர்க்க மாட்டார்கள். சாவுக்கு வர மாட்டார்கள். என் பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகள் விளையாடக்கூடாது. உண்மையைச் சொன்னாலோ, வீட்டில் அத்தையும் அவரும் இருக்கிறார்கள், மாத்திரை அன்றோடு நின்றுவிடும். அந்த டாக்டரம்மா சொன்ன அடுத்த தடவை வரும். இரண்டையும் நான் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யோசித்ததாக ஞாபகம் இல்லை.  சின்னவள் இடுப்பில் இருந்தாள், அவள் கனம்கூடத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். என் வீடு என்று யாரும் பார்க்க வேண்டாம், அடுத்தவன் வீட்டுக்கு என்ன நியாயமோ அதுதான் இதற்கும் என்று சொன்னார். நாட்டாமைக்காரர், நீ பேசாமல் உட்காரப்பா, நாங்கள் கேட்டுக்கொள்கிறோம் என்றார். அவர் உட்காரவில்லை. செயலாளர் நான்தான், நானே கேட்கிறேன் என்றார். கூட்டத்தில் பேசுகிற அதே குரலில் என்னைக் கேட்டார்.

"அன்னைக்குப் பண்ணை வீட்டுக்குப் போனியா?"

"கொட்டகைக்குப் போனேன்."

"மடியில என்னா இருந்துச்சு?"

நான் தரையைப் பார்த்தேன். கொடிக்கம்பத்துக்குச் சுற்றிலும் சிமெண்டு பூசியிருந்தார்கள். அதில் ஒரு கோழியின் கால் தடம் காய்ந்து பதிந்திருந்தது.

"சொல்லு புள்ள. அரிசியா?"

"இல்லங்க. மாத்திரை."

"என்னா மாத்திரை?"

"புள்ள உண்டாவாம இருக்குறதுக்கு."

ஆண்கள் பக்கத்தில் ஒருவர் இருமினார்.  என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தபடியே நின்றார்.  அவர் பேச்சு நின்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாட்டாமைக்காரர், அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். நடவுக் கொத்தின் மூத்த பெண் என்னோடு வீட்டுக்கு வந்தார். அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை. கூரைக் கீற்றில் கையை விட்டு அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். மூத்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கொடிக்கம்பத்துக்கு வந்தார். நர்ஸு காட்டுகிற அதே அட்டைதான், பாதி தின்று காலியாக இருக்கிறது என்று கூட்டத்துக்குச் சொன்னார்.

ஒருவர் விடவில்லை. அவர் யாரென்று சொல்ல வேண்டாம். மாத்திரை தின்றால் உடம்பு ஊதுமா, நாங்கள் கேள்விப்பட்டதில்லையே, மடியில் மாத்திரையும் இருந்திருக்கும் அரிசியும் இருந்திருக்கும் என்றார். மூத்த பெண் அவர் பக்கம் திரும்பினார்.

"ஏண்டாப்பா, வேலையில்லாத நாள்ல கூப்பிட்டு அரிசி அளக்க, பண்ணை என்னா அவளுக்கு மாமனா? நேத்து வரைக்கும் நானுந்தான் கேலி பண்ணுனேன். சாணி அள்ளுறவ அந்த வூட்டு அடுக்களையப் பாத்திருப்பாளா? போயி வேற வேலையப் பாரு."

பக்கத்தில் நடவு நடுகிற அக்கா, நான் மடியைத்தான் பார்த்தேன், உள்ளே பார்க்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார். நாட்டாமைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். அரிசி இல்லையென்று ஆகிவிட்டது, பேச்சு முடிந்தது, மற்றது அவர்கள் வீட்டுக்குள்ளே உள்ளது என்றார். கூட்டம் கலைந்தது. 

வெயில் இறங்கிய பிறகு நான் தண்ணீர் எடுக்கப் போனேன். அடுத்த தெருமுனையில் இருக்கிற ஒரு பெண் என் பின்னாலேயே வந்தாள். என்னைவிடச் சின்னவள், கூட்டத்துக்கு வராதவள். கல்யாணமாகி வந்ததிலிருந்தே எலும்பும் தோலுமாக இருப்பாள். அவள் வீட்டுக்காரன் அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவான். குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, அத தின்னா நெசமாவே ஒடம்பு வைக்குமா?"

தெரியாது, நர்ஸம்மாவைக் கேள் என்றேன்.

"எனக்கு ஒரு அட்டை வாங்கித் தாயேன். புள்ளை பொறந்தா பொறந்துட்டுப் போவுது. கொஞ்சம் சதை வச்சா போதும்."

அதைத் தின்றால் பிள்ளை பிறக்காது, அதற்குத்தான் அதைத் தருகிறார்கள் என்று சொன்னேன். அப்படியானால் வேண்டாம் என்றாள். கொஞ்சம் யோசித்து, ஒரு மாதம் மட்டும் தின்றுவிட்டு நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் என் வீட்டுக்காரர் வந்தார். கொடிக்கம்பத்தடியில் வைத்திருந்த அட்டைகளைச் சட்டைப் பையில் எடுத்து வந்திருந்தார். அதை அரிசிப் பானையின் மூடி மேல் வைத்தார். பானையில் ஒன்றும் இல்லை. அத்தை மூலையில் சின்னவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. அடிக்கவும் இல்லை. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"அந்த வூட்டு அரிசிய வாங்கித் தின்னுருந்தாக்கூட, பசியில தின்னுட்டான்னு நாலு பேருக்குப் பதில் சொல்லிருப்பேன். இதுக்கு நான் என்னான்னு பதில் சொல்லுவேன்?"

நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் நெருப்பு இல்லை. கூட்டத்தில் இவ்வளவு நாள் என்ன பேசினேன், இனி எந்த முகத்தோடு பேசுவேன் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அம்மா பேரப்பிள்ளைக்கு எவ்வளவு ஆசையாக இருந்தார்கள், உனக்குத் தெரியாதா என்றார். கடைசியில், இதோடு நிறுத்திவிடு என்றார்.

நான் வழக்கமாகச் சரி என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு வாயிலிருந்து என்ன வந்தது என்பது எனக்கே ஆச்சரியம்.

"நிறுத்துனா செத்துப்போவேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அத்தைகிட்டயும் சொன்னாங்க."

அவர் அத்தை பக்கம் திரும்பினார்.

"சொன்னாங்களாம்மா?"

அத்தை பேன் பார்ப்பதை நிறுத்தவில்லை. சின்னவளின் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"சொன்னா. டாக்டருன்னா எல்லாத்தையுந்தான் சொல்லுவா. நான் பெத்தப்பவும் மருத்துவச்சி சொன்னா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

 அந்தக் கேள்வி எங்கள் இரண்டு பேரில் யாருக்கு என்று தெரியவில்லை. அவர் அட்டையை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். பின்பக்கம் அச்சடித்திருந்ததைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு அதே மூடி மேல் வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு கொடிக்கம்பத்தடிக்குப் படுக்கப் போய்விட்டார். வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து ஆண்கள் காவலுக்கு அங்கேதான் படுத்தார்கள். அதனால் கோபத்தில் போனாரா, வழக்கமாகப் போனாரா என்று சொல்ல முடியவில்லை.

அத்தை சின்னவளை என் பக்கத்தில் படுக்கப் போட்டார். மூடியைத் திறந்து பானைக்குள் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் ஏன் பார்த்தார் என்று தெரியாது. அட்டைகள் கீழே விழாமல் மூடியைப் பழையபடி வைத்தார்.

மறுநாள் தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்தது. கூலியைக் கொஞ்சம் கூட்டினார்கள். வெளியூர் ஆளைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். மதியத்துக்கு மேல் நாற்றுப் பறிக்கக் கூப்பிட்டார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். போவதற்கு முன்னால் அத்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடி மேல் இருந்த அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்துப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அவர் சின்னவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். நாற்று முற்றிப்போயிருந்தது, பறிக்கச் சிரமமாக இருந்தது.